வெடிக்காரன் வீட்டுக் காது

என் மாமாவை அடிக்க வந்தவர்கள் முதலில் ஸலாம் சொன்னார்கள்.

பதினொரு பேர். பட்டப்பகல். துடுப்பு, மண்வெட்டிப் பிடி, படகை இழுக்கும் இரும்புக் கொக்கி எல்லாம் கையில். ஆனாலும் ஒரு முஸ்லிம் வீட்டு வாசலில் ஸலாம் சொல்லாமல் உள்ளே வருவது மரியாதை இல்லையே. தங்கச்சி குசினிக்குள் இருந்து பதில் ஸலாம் சொன்னாள். மாமா சொல்லவில்லை. அவருக்குக் கேட்காது. நாற்பது வருடத்துக்கு மேலாக ஒன்றுமே கேட்காது. அந்தக் கேளாமைக்காகத்தான் அடிக்க வந்திருந்தார்கள்.

அன்று காலையில் கரையில் மீன் ஒதுங்கியிருந்தது. சும்மா செத்த மீன் இல்லை. வயிறு பிளந்து, முள்ளந்தண்டு உள்ளுக்குள்ளேயே முறிந்து, கையில் எடுத்தால் ஈரத் துணி மாதிரித் தொங்கும் மீன். ஆரோ கடலுக்குள் வெடி போட்டிருக்கிறார்கள். டைனமைட் ஒன்று விழுந்தால் குஞ்சு, முட்டை, பாறை எல்லாம் சேர்ந்துதான் சாகும். கரைவலைக்காரர்களுக்கு வயிறு எரிந்தது. எரிய வேண்டியதுதான். ஆனால் போட்டவனை எப்படிக் கண்டுபிடிப்பது? எங்கள் கரையில் அதற்கு ஒரு துப்பறியும் முறை இருக்கிறது. வெடி போடுகிறவனுக்கு ஒன்றில் கை போகும், இல்லாவிட்டால் காது போகும். ஆகவே கை இல்லாதவனைத் தேடு. கிடைக்காவிட்டால் செவிடனைப் பிடி. மாமாவுக்கு இரண்டு கையும் இருந்தன. காது இல்லை. விசாரணை முடிந்தது.

உம்மாவுக்கு இரண்டு சகோதரர்கள். இரண்டு பேரும் செவிடு. மூத்தவர், அதாவது இந்த மாமா, இளம் வயதில் படகு எஞ்சினின் காற்றாடியில் காலைக் கொடுத்தார். கெண்டைக்கால் கிழிந்து சீழ் பிடித்து, ஆஸ்பத்திரியில் இரண்டு கிழமை, பதினான்கு நாளும், ஊசி போட்டார்கள். கால் பிழைத்தது. வீட்டுக்கு வந்த சில நாட்களில், பள்ளிவாசலில் பாங்கு சொல்வதை நிறுத்திவிட்டார்களா என்று கேட்டாராம். இளையவருக்குக் கசம், அதாவது காசநோய். மாதக்கணக்கில் ஊசி. நெஞ்சு சுகமானது, காது போனது. பல வருடம் கழித்து வேறு நோயில் மௌத்தானார். ஊர் ஊசியைக் கணக்கில் எடுக்கவில்லை. கடலுக்குப் போன இரண்டு ஆம்பிளைகள், இரண்டு பேரும் செவிடு, வேறென்ன? எங்கள் வீட்டுக்கு 'வெடிக்காரன் வீடு' என்று பெயர் விழுந்தது. பாடசாலையில் பெடியன்கள் என்னைக் கண்டால் "டும்!" என்பார்கள். அவர்கள் சொல்வதற்கு முன்னால் நானே வகுப்புக்குள் "டும்!" என்று குதித்து விழுந்து செத்துக் காட்டப் பழகினேன். நான் பகிடிக்காரனான வரலாறு அவ்வளவுதான். அதில் தைரியம் எதுவும் இல்லை; அடி விழுமுன் தானே விழுந்துவிடும் தந்திரம்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. மாமா உண்மையிலேயே வெடி போட்டவர். இரண்டே இரண்டு தரம், கால் கிழிவதற்கு முந்திய வருடம், கூட்டாளி ஒருவனோடு. அதை எங்கள் வீட்டாருக்கு மட்டும் சொல்லியிருந்தார். காது போனது அதற்கான அல்லாஹ்வின் தண்டனை என்று முழுமனதாக நம்பினார். தவ்பா செய்து பாவமன்னிப்புக் கேட்டார். திரும்பக் கடலில் கால் வைக்கவில்லை. கரையில் இருந்தபடி படகு எஞ்சின் திருத்தினார். உள்ளங்கையை எஞ்சினின் மேல் வைத்து, கண்ணை மூடி, எந்த இடத்தில் துடிப்பு பிசகுகிறது என்று சொல்லிவிடுவார். கேட்கிறவனை விடத் திறமாகச் சொல்வார்.

நான் உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிக்கிற வாத்தி. ஆர்.என்.ஏ. பற்றிய பாடத்துக்கு வருடா வருடம் ஒரு நைலோன் கயிற்றுத் துண்டோடு போவேன். டி.என்.ஏ. இரண்டு கயிறு சேர்ந்து முறுகியது, ஒழுங்கான குடும்பம். ஆர்.என்.ஏ. ஒற்றைக் கயிறு. தனியே விடப்பட்டதால் தன்னையே கட்டிப் பிடித்துக்கொள்ளும். கயிற்றின் ஒரு நுனியை மேசைக் காலில் கட்டி, மறு நுனியை முறுக்கிக்கொண்டே போய்ச் சடாரென்று தளர்த்தினால், கயிறு தன் மேலேயே பாய்ந்து சுருளும். ஆர்.என்.ஏ.யில் ஒன்றுக்கொன்று சோடி சேரும் எழுத்துகள் எதிரெதிரே வரும் இடத்தில் இறுக்கம். சோடி சேராத இடத்தில் ஒரு புடைப்பு, உள்ளே ஒரு குழி. அந்தக் குழியின் வடிவத்துக்கும் மின்னேற்றத்துக்கும் பொருந்துகிற சின்ன மூலக்கூறு ஒன்று வந்தால் உள்ளே போய் மாட்டிக்கொள்ளும். கண்ணும் இல்லை, மூக்கும் இல்லை, பொருத்தம்தான் அடையாளம். ஒரு வருடம் இதைச் செய்து காட்டும்போது என் சுட்டுவிரலே அந்தச் சுருளுக்குள் மாட்டி நகம் கறுத்தது. மூலக்கூறு எப்படிக் கத்தும் என்பதையும் பிள்ளைகள் அன்றைக்குப் படித்துக்கொண்டார்கள்.

பற்றீரியாவின் உள்ளே புரதம் செய்கிற பட்டறைக்கு ரைபோசோம் என்று பெயர். அதன் நடுவே இப்படி ஒரு ஆர்.என்.ஏ. குழி. அங்கே இரண்டு அடினின் எழுத்துகள் காவலுக்கு நிற்கின்றன. புரதத்தில் கோர்க்கச் சரியான துண்டு வந்தால்தான் வெளியே எட்டிப் பார்த்து "போ" என்று விடும். ஜென்டமைசின் மாதிரியான மருந்து அந்தக் குழிக்குள் புகுந்து, இரண்டு காவல்காரனையும் வெளியே தள்ளி, அப்படியே நிறுத்தி வைக்கிறது. அதற்குப் பிறகு வருகிறதெல்லாம் உள்ளே. பிழையான துண்டு, பிழையான புரதம். பட்டறை தன் கையாலேயே தன்னைக் கெடுத்துச் சாகும். துடுப்பும் இல்லை, கொக்கியும் இல்லை, சுத்தமான கொலை.

"மனுசன்ட ரைபோசோமில அந்தக் குழி கொஞ்சம் வேற மாதிரி, மருந்து பிடிக்காது, அதால நாங்க தப்பிட்டம்" என்று முடிப்பேன். ஒரு வருடம் கடைசி வாங்கில் இருந்த பிள்ளை ஒன்று எழும்பியது.

"சேர், இழைமணிக்குள்ளயும் ரைபோசோம் இரிக்கி எண்டு போன கிழமை சொன்னீங்க. அது பற்றீரியாட மாதிரி எண்டும் சொன்னீங்க. அப்ப மருந்து அதையும் கொல்லாதா?"

"நல்ல கேள்வி மகள். மணி அடிச்சிட்டு, நாளைக்குச் சொல்றன்."

மணி அடிக்க இன்னும் இருபது நிமிடம் இருந்தது.

அன்றைக்கு அஸர் தொழுகைக்குப் பிறகு உட்கார்ந்து வாசித்தேன். கலத்துக்குச் சக்தி கொடுக்கும் எஞ்சின்தான் இழைமணி, இங்கிலிஷில் மைட்டோகொண்ட்ரியா. அது தாயிடமிருந்து மட்டுமே பிள்ளைக்கு வரும். சில குடும்பங்களில் அந்த இழைமணியின் ஆர்.என்.ஏ.யில் ஒரே ஒரு எழுத்து மாறியிருக்கும். 'ஏ' இருக்க வேண்டிய இடத்தில் 'ஜி'. அந்த 'ஜி' எதிரே நிற்கிற 'சி'யைப் பிடித்துக்கொள்ளும். குழி இறுகிப் பற்றீரியாவின் குழி மாதிரியே ஆகிவிடும். மருந்துக்கு ஆள் வித்தியாசம் தெரியாது. காதின் உட்புறத்தில் சத்தத்தைப் பிடிக்கிற நுண்மயிர்க் கலங்களுக்குள் புகுந்து, எஞ்சினை நிறுத்திக் கொன்றுபோடும். செத்த கலம் திரும்ப முளைக்காது.

தாய் வழி. ஊசிக்குப் பிறகு. செவிடு.

புத்தகத்தை மூடிவிட்டு, அலுமாரிக் கண்ணாடியில் என் இரண்டு காதையும் பிடித்துப் பார்த்தேன். பிடித்துப் பார்த்து என்ன தெரியப் போகிறது? இருந்தாலும் பார்த்தேன். என் பிள்ளைகளுக்கு என் மூக்கு மட்டும்தான் போயிருக்கும், அது நிம்மதி. தங்கச்சியின் பிள்ளைகள் மூன்று பேருக்கும் அவளுடையது அப்படியே போயிருக்கும்.

தங்கச்சியிடம் ஓடினேன். அவளுக்குக் காதுதான் தொழில். வீட்டு மண்டபத்தில் ஊர்ப் பெண்பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதிக் கொடுக்கிறாள். குசினியில் தேங்காய் துருவிக்கொண்டே, மண்டபத்தில் முப்பது பிள்ளைகள் ஒன்றாக ஓதுகிற இரைச்சலுக்குள், ஒரு பிள்ளை ஒரு நீட்டலைக் குறைத்து ஓதினால் எந்தப் பிள்ளை என்று சொல்லிக் கத்துவாள். நான் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, "மாமாக்குச் சொல்லாதீங்க நானா" என்று இந்த அண்ணனைத் தடுத்தாள்.

"ஏன்?"

"நாப்பது வருஷமா அந்த மனிசன் அந்தத் தவ்பாவோட வாழுறார். அதப் போய்க் கலைக்கிறதா?"

"ஒனக்கு ஊசி போட வேண்டி வந்தா?"

"எனக்கு என்ன வரப் போகுது? ஊசி போடுற அளவுக்கு ஆரோட சண்ட பிடிக்கப் போறன்?"

இரண்டு வருடம் நாங்கள் இருவரும் வாயை மூடிக்கொண்டு இருந்தோம். பிறகு அந்தப் பதினொரு பேர் வந்து ஸலாம் சொன்னார்கள்.

"தங்கச்சி, மூத்தவர வெளிய வரச் சொல்லுங்க. ஒரு கத இரிக்கி" என்றார் முன்னால் நின்ற சம்மாட்டி, கரைவலைக்காரர்களின் முதலாளி.

"காது கேக்காத மனிசனோட என்ன கத?"

"அதத்தான் கதைக்க வந்த."

மாமா கொல்லையிலிருந்து எஞ்சின் எண்ணெய்க் கையோடு வந்தார். ஆட்களைக் கண்டு சிரித்தார். கதிரையில் இருக்கச் சொல்லிக் கை காட்டித் திரும்பினார். பின்னால் ஓங்கியது அவருக்கு எப்படிக் கேட்கும்? துடுப்பு தலையில் விழுந்தது. நனைந்த பலகை உடைவது போல ஒரு சத்தம். இரத்தம் நெற்றியால் இறங்கி மூக்கு நுனியில் சொட்டும்வரை மாமாவின் முகத்தில் அந்தச் சிரிப்பு அப்படியே இருந்தது. இரண்டாவது அடி தோளில். மூன்றாவது முழங்காலுக்குப் பின்னால். விழுந்த பிறகு மிதித்தார்கள்.

அந்த நேரம் நான் கிணற்றடியில் நின்றதாகப் பொலிசில் சொன்னேன். உண்மையில் தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னால், முழந்தாளில் இருந்தேன். என் வயதில் முழந்தாளில் இருந்து எழும்புவது லேசு இல்லை. அதையே காரணமாகச் சொல்லி இன்னும் கொஞ்ச நேரம் இருந்திருப்பேன். மாமா என் பக்கம் பார்த்துவிட்டார். வேறு வழி இல்லாமல் எழும்பி ஓடினேன். ஓடிப் போய் மாமாவின் மேல் விழுந்து மறைத்தேன் என்று எழுத ஆசைதான். நான் செய்தது வேறு. நடுவில் நின்று கையை உயர்த்தி வகுப்பெடுத்தேன்.

"நிப்பாட்டுங்க! இது வெடியால வந்த செவிடு இல்ல! ஆர்.என்.ஏ. மடிப்பு! ஒரு எழுத்து மாறியிரிக்கி! ஊசி மருந்து போய் ரைபோ..."

'ரைபோ' வரைக்கும் சொன்னேன். 'சோம்' வரும்போது முன்பல் ஒன்றும் சேர்ந்து வந்தது. அடித்தவன் என்னிடம் படித்தவன். "வாத்தி, வகுப்ப இங்க வெக்காதீங்க" என்று மரியாதைப் பன்மையில் சொல்லிவிட்டு விலாவில் ஒன்று போட்டான்.

நான் குனிந்து பல்லைத் தேடிக்கொண்டிருக்கும்போது தங்கச்சி வந்தாள், கையில் அலவாங்கு. கிணறு தோண்டுகிற, ஆள் உயர இரும்புக் கம்பி அது. ஒரு வீச்சு. மாமாவை மிதித்துக்கொண்டிருந்தவனின் முழங்கால் தப்பான பக்கம் மடிந்தது. அவன் போட்ட சத்தத்தில் மதிலில் நின்ற காகம் எல்லாம் பறந்தன. இரண்டாவது வீச்சுக்கு அவள் ஓங்க, பக்கத்தில் நின்றவன் தடுக்க நினைத்தானோ இழுக்க நினைத்தானோ, கையில் இருந்த படகுக் கொக்கியைப் போட்டான். கொக்கி அவளுடைய முழங்கைக்குக் கீழே இறங்கியது. அவள் விடாமல் இழுத்தாள். சட்டைக் கை, தோல், சதை எல்லாம் மணிக்கட்டு வரை திறந்தன. வெள்ளையாக எலும்பு ஒரு கணம் தெரிந்து, பிறகு இரத்தத்தில் மூடிப் போனது.

பெண்பிள்ளையின் இரத்தத்தைக் கண்டதும் எல்லாரும் நின்றார்கள். சம்மாட்டி தலையில் கை வைத்தார். "என்னடா செஞ்சீங்க ஹராங்குட்டிகளா, வேன எடுங்கடா!" அடித்தவர்களின் வேனிலேயே ஆஸ்பத்திரிக்குப் போனோம். முன் சீற்றில் மாமா. பின்னால் தங்கச்சி, முழங்கால் உடைந்தவன், நான். வழி முழுக்க அவன் "ராத்தா, மன்னிச்சிக்கோங்க" என்று அழுதான். தங்கச்சி, "வாய மூடு, காது வலிக்கிது" என்றாள்.

மாமாவின் தலையில் பன்னிரண்டு தையல். ஆண்கள் வார்ட்டில் அவருக்கு அடுத்த கட்டிலே முழங்கால்காரனுக்குக் கிடைத்தது. மாமா அவனுக்குப் பாணில் பாதி பிய்த்துக் கொடுத்ததை என் கண்ணால் கண்டேன்.

தங்கச்சியின் கையைத் தைத்துப் பெண்கள் வார்ட்டில் போட்டார்கள். அந்த அமளியில் ஊசிக் கதையைச் சொல்ல எனக்கும் நினைவு வரவில்லை, அவளுக்கும் வரவில்லை. கொக்கி என்னென்ன மீனைத் தொட்டதோ, மூன்றாம் நாள் கை பப்பாசிப் பழம் மாதிரி வீங்கிச் சீழ் வடிந்தது. காய்ச்சல். கையை எடுக்க வேண்டி வரலாம் என்றும் ஒரு பேச்சு. மதியம் பார்வையாளர் நேரத்தில் போனேன். அரைமயக்கத்தில் கிடந்தவள், "காலையில புது ஊசி ஒண்டு போட்டாங்க" என்றாள்.

கட்டில் நுனியில் தொங்கிய டிக்கெட்டை, மருந்து எழுதும் அட்டையை, பார்த்தேன். டொக்டர்மாரின் எழுத்தை வாசிக்க எனக்கு ஒருநாளும் முடிந்ததில்லை. அன்றைக்கு முடிந்தது. ஜென்டமைசின். அடுத்த ஊசி இரண்டு மணிக்கு.

எதிரில் முதலில் வந்த நேர்ஸிடம் சிங்களத்தில் விளக்கப் பார்த்தேன். சந்தையில் மீன் விலை கேட்கவும், பஸ்ஸில் இடம் கேட்கவும் என் சிங்களம் தாராளமாகப் போதும். மூலக்கூறு மடிப்புக்குப் போதவில்லை. "அவளின் கயிற்றில் குழி இருக்கிறது" என்ற மாதிரி ஏதோ வந்திருக்க வேண்டும். அந்தப் பிள்ளை என் பல் விழுந்த வாயையும் வீங்கிய உதட்டையும் பார்த்து, இந்த ஆளும் எந்தக் கட்டிலில் இருந்தாவது தப்பி வந்ததா என்று யோசித்தது. மணி அடித்தது. பார்வையாளர்கள் எல்லாரும் வெளியே.

நான் வெளியே போகவில்லை. ஐம்பது தாண்டிய, இரண்டு பிள்ளைகளின் தகப்பன், அரசாங்க ஆசிரியன், தங்கச்சியின் கட்டிலுக்குக் கீழே புகுந்தேன். பெண்கள் வார்ட்டு. ஒரு மணித்தியாலம் அங்கே கிடந்து என் இதயம் அடிப்பதைக் கேட்டேன். காது நல்லாக இருக்கிறது என்று அப்போதே தெரிந்துகொண்டேன்.

இரண்டு மணிக்கு ஒரு சோடி வெள்ளைச் சப்பாத்து கட்டிலருகே வந்து நின்றது. நான் வெளியே வந்தேன். அந்த நேர்ஸ் போட்ட கூச்சலில் வார்ட்டே எழும்பியது. தட்டைப் பறித்தேன். "எப்பா! எப்பா!" என்று கத்தினேன்; சிங்களத்தில் 'வேண்டாம்' என்பது மட்டும்தான் மிஞ்சியிருந்தது. கையில் கிடைத்த குப்பியை நிலத்தில் அடித்து உடைத்தேன். அது வெறும் உப்புத் தண்ணீர் என்று பிறகு சொன்னார்கள். காவல்காரர் இரண்டு பேர் வந்து, ஒருவர் கழுத்தைப் பிடித்தார், மற்றவர் ஏற்கெனவே அடிபட்ட விலாவையே தேடிப் பிடித்துக் குத்தினார். முகம் தரையோடு ஒட்டிக் கிடந்தபடி நான் "இழைமணி! இழைமணி!" என்று கூப்பிட்டதாகத் தங்கச்சி இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறாள்.

சத்தத்துக்கு டொக்டர் வந்தாள். இளம் சிங்களப் பெண், தமிழ் கொஞ்சம் தெரியும். தங்கச்சி கண்ணைத் திறந்து, ஒரு மூச்சில் சொன்னாள்.

"மிஸ், என்ட உம்மாட கூடப் பொறந்த ரெண்டு மாமாக்கும் ஊசி போட்டப் பொறகு காது போனது."

டொக்டர் கட்டிலருகே குனிந்தாள். "அம்மா பக்கமா?"

"ஓம்."

டிக்கெட்டை எடுத்து ஜென்டமைசினை வெட்டினாள். சிவப்புப் பேனையால் குறுக்கே பெரிதாக ஏதோ எழுதினாள். வேறு மருந்து சொன்னாள். அவ்வளவுதான். ஒரு வசனம். அதற்காக நான் ஒரு பல், இரண்டு விலா எலும்பு, இருபத்தைந்து வருட ஆசிரிய கௌரவம் எல்லாம் செலவழித்திருந்தேன்.

ஆனால் ஒரு ஊசி ஏற்கெனவே உள்ளே போயிருந்தது. "சொல்ல முடியாது" என்றாள் டொக்டர். "சில பேருக்குக் கொஞ்சமே போதும். பாத்துக்கொண்டு இருங்கோ."

கை பிழைத்தது. வீட்டுக்கு வந்தாள். நான் ஒவ்வொரு நாளும் பின்னேரம் போய் அவளுக்குப் பின்னால் நின்று மெல்லிய குரலில் ஏசினேன். "குண்டுப் பூசணிக்கா." அவள் திரும்பாமல், "ஒங்கட பொஞ்சாதிக்குச் சொல்லுங்க" என்பாள். எனக்கு மூச்சு வரும். அடுத்த நாள் இன்னும் மெல்லமாக ஏசுவேன். இப்படி ஆறு கிழமை.

ஒருநாள் மண்டபத்தில் பிள்ளைகள் ஓதிக்கொண்டிருந்தார்கள். ஒரு பிள்ளை நீட்ட வேண்டிய இடத்தில் நீட்டவில்லை. எனக்கே கேட்டது, எனக்கே கேட்டால் எவ்வளவு பெரிய பிழை என்று பாருங்கள். உள்ளே இருந்து சத்தம் இல்லை. அந்தப் பிள்ளை திரும்பவும் அதே பிழை. சத்தம் இல்லை. போயிற்று. மாமா மாதிரியே போயிற்று. அறைக்குள் பாய்ந்தேன், அலுமாரி மூலையில் நெற்றி மோதி இரத்தம் வந்தது. அவள் அஸர் தொழுதுகொண்டிருந்தாள். நிதானமாகத் தொழுது முடித்து, வலப்பக்கமும் இடப்பக்கமும் ஸலாம் கொடுத்துவிட்டுக் கதவுப் பக்கம் குரல் கொடுத்தாள்: "ஜன்னலுக்குப் பக்கத்துப் புள்ள, ரெண்டு தரமும் நீட்டல்ல, திரும்ப ஓது!" பிறகு என்னிடம், "அலுமாரிக்கு ஒண்டும் ஆகல்லியே?"

காது பரிசோதனையில் மிக உயர்ந்த கீச்சுச் சத்தங்கள் கொஞ்சம் போயிருந்தன. கடிக்க வரும் நுளம்பின் ரீங்காரம் கேட்பதில்லை. "அது லாபம்" என்றாள்.

டொக்டர் குடும்பத்துக்கே ஒரு கடிதம் தந்திருந்தாள்: தாய் வழியில் ஆருக்கும் இந்த ஊசி கூடாது என்று. விஷயம் சம்மாட்டிக்கும் போயிற்று. அவர் வெட்கப்பட்டு, வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் எல்லாருக்கும் அறிவித்து மன்னிப்புக் கேட்பதாகச் சொல்லி அனுப்பினார். தங்கச்சி ஒத்துக்கொள்ளவில்லை.

"நானா, ஒலிபெருக்கியில சொன்னா ஊருக்கே கேக்கும். மாமாக்கு மட்டும் கேக்காது. அது சரியில்ல."

கொப்பித் தாளில் அவளே எழுதினாள், பெரிய எழுத்தில், தழும்பு விழுந்த கையால். காது போனது வெடியால் இல்லை, ஊசியால். பிறக்கும்போதே உடம்பில் இருந்த ஒரு எழுத்தால். எங்கள் எல்லாருக்கும் இருக்கிறது. என் காது தப்பியது உங்களுடைய காதால்தான்.

மாமா எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு வாசித்தார். திரும்ப வாசித்தார். அழுவார் என்று நினைத்து நான் ஒரு பகிடியைத் தயாராக வைத்திருந்தேன். அவர் முகம் வெளிறியது. தன் குரலின் அளவு தெரியாமல், ஊருக்கே கேட்கிற மாதிரிக் கேட்டார்:

"அப்ப அந்த ரெண்டு வெடிக்கும் தண்டன இன்னும் வரல்லியா?"

நான் அவசரமாக அவருடைய தலையில் இருந்த பன்னிரண்டு தையலின் தழும்பையும் தொட்டுக் காட்டினேன். மாமா என் கையைத் தட்டிவிட்டார்.

"இது அவனுகள் அடிச்சது. அல்லாஹ் அடிக்கிறது எங்க?"

தங்கச்சி தாளை வாங்கிப் பின்பக்கம் திருப்பி, பேனையை எடுத்தாள். மாமா இரண்டு உள்ளங்கையையும், திருத்திப் பாதியில் விட்ட எஞ்சினின் மேல் வைத்தார். அது ஓடவில்லை. ஆனாலும் கண்ணை மூடிக்கொண்டு, ஏதாவது வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தார்.